பகா எண் சுவர்

திரைச்சீலை விலகியதும் நடைக்கூடத்தில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். விழா நாயகர் மட்டும் தட்டவில்லை. தனக்குத் தானே கை தட்டிக்கொள்வது மரியாதை இல்லை என்பதெல்லாம் காரணம் அல்ல. அவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார்.

அவரைக் கல்லூரியில் எல்லோரும் நிரூபணம் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. யார் எதைச் சொன்னாலும் "நிரூபிச்சுட்டு வா" என்று திருப்பி அனுப்புகிற கணிதப் பேராசிரியர் அவர். வெளியே மழை பெய்கிறது என்றால்கூடக் கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் இலக்கங்களைக் கூட்டிவிடுவார். பஸ் நம்பர், கார் நம்பர், சோப்பு டப்பாவில் அச்சடித்த நம்பர், எதையும் விடுவதில்லை. கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபட்டால் எண்ணும் ஒன்பதால் வகுபடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் அவருடைய துறையில் இப்படிக் கூட்டுவது தெரிந்தால் மானம் போய்விடும். அங்கே உள்ளவர்கள் x, y போன்ற எழுத்துகளோடு மட்டும்தான் புழங்குவார்கள். நிஜமான எண் ஒன்று எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒரு கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்பதைக்கூட அலுவலக உதவியாளர்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

கருங்கல்லில் பொன்னிறத்தில் வெட்டியிருந்தது அவருடைய எண்: 27081961060619907. அவர் பிறந்த தேதி, அடுத்து வேலையில் சேர்ந்த தேதி, கடைசியில் ஒரு ஏழு.

கூட்டினார். எழுபத்திரண்டு வந்தது. நம்பாமல் வலமிருந்து இடமாக இன்னொரு தரம் கூட்டினார். அதே எழுபத்திரண்டு. ஏழும் இரண்டும் ஒன்பது.

பக்கென்று இருந்தது. இது பகா எண்ணே இல்லை.

இதில் பக்கென்று இருக்க என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்கலாம். அந்தத் துறையின் வழக்கம் அப்படி. அதை ஆரம்பித்த முதல் தலைவர், "நல்ல அறிஞன் பகா எண்ணைப் போல; ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பகா எண் செய்து, கல்லில் வெட்டி, நடைக்கூடத்துச் சுவரில் பதிப்பார்கள். இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். கடைசியில் சேர்க்கிற ஓர் இலக்கத்தை மட்டும் துறை பார்த்துப் போடும், மொத்தமும் பகா எண்ணாக வரும்படி. ஒருவர் எண்ணைச் செய்வார், இன்னொருவர் சரிபார்த்து, தேவைப்பட்டால் கடைசி இலக்கத்தை மாற்றுவார்.

பதினேழு இலக்க எண்களில் ஏறக்குறைய நாற்பதுக்கு ஒன்றுதான் பகா எண். அப்படியிருந்தும் அந்தத் துறையில் ஓய்வு பெற்ற எல்லோருக்கும் முதல் முயற்சியிலேயே பகா எண் வாய்த்துக்கொண்டிருந்தது. இது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. நாற்பதுக்கு ஒன்று என்று கரும்பலகையில் நிரூபித்துப் பாடம் நடத்துகிறவர்களே அவர்கள்தான்.

"சார், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று புதுத் துறைத்தலைவி ஒலிவாங்கியை நீட்டினாள். அவரிடம் படித்தவள், அவருக்குப் பிறகு தலைவர் நாற்காலிக்கு வந்தவள். நிரூபணம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கல்லையே பார்த்தார். "நன்றி" என்றார். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி முன்வரிசையில் இருந்தாள். அவள் கல்லைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் அவள் அண்ணனுக்கு.

அண்ணனும் இதே துறைதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நிரூபணத்துக்கு மச்சான், துறையில் மூத்தவர், தங்கையைக் கட்டிக் கொடுத்தவரும் அவரே. ஓய்வு பெற்ற நாளோடு தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சண்டையா என்றால் சண்டை இல்லை. தங்கை போன் செய்தால் எடுப்பார், வெயிலைப் பற்றிப் பேசுவார், வைத்துவிடுவார். மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். நாலு தெரு தாண்டி வர ஏழு வருஷமாக முடியவில்லை.

"நான் என்ன குத்தம் செஞ்சேன்?" என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

"உன் அண்ணனுக்குப் பொறாமை. அவர் நாற்காலி எனக்கு வந்துடுச்சுல்ல" என்பார் நிரூபணம். இதற்கு மட்டும் அவர் யாரிடமும் நிரூபணம் கேட்டதில்லை.

தவிர, அந்தத் துறையில் ஓய்வு பெற்றவர்கள் யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை. மச்சானுக்கு முன்னால் தலைவராக இருந்தவருக்கு முடிவிலி என்று பட்டப்பெயர். பாடம் ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கடைத்தெருவில் மச்சானை எதிரே பார்த்தும் பார்க்காத மாதிரி போனதை நிரூபணமே கண்ணால் கண்டிருக்கிறார். "வேலை முடிஞ்சா ஒட்டும் முடிஞ்சுது, உறவும் முடிஞ்சுது. மனுஷ புத்தி" என்று அன்றைக்கு மச்சானே சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் நிரூபணம் தலைவியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார்?"

"என் எண்ணைக் கூட்டிப் பாரு."

கூட்டிப் பார்க்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பழக்கம் இல்லை பாருங்கள். விரல் விட்டு எண்ணி முடித்ததும் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அது நடிப்பு இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் கோபம் இறங்க ஓர் இடம் வேண்டுமே.

"மூணால வகுபட்டாலே கேவலம். இது ஒன்பதால வகுபடுது. முப்பது வருஷம் இந்தத் துறைக்கு உழைச்சவனுக்கு நீங்க குடுக்கிற மரியாதை இதுதானா?"

"சார், சார், கோவப்படாதீங்க. பகு எண்ணா இருந்தா என்ன? வேற ஏதாவது விசேஷம் இல்லாமலா போகும்?" அவள் ஒரு தாளை இழுத்துப் பரபரவென்று எழுத ஆரம்பித்தாள். "இலக்கத் தொகையாலேயே வகுபடுற எண்ணுன்னா அது ஒரு தனி வகை சார். பெருமையான வகை."

"தொகை எழுபத்திரண்டு. இரட்டைப்படை. என் எண் ஒற்றைப்படை. எங்கேருந்து வகுபடும்?"

"சரி, இலக்கங்களோட வர்க்கத்தைக் கூட்டி, வர்ற எண்ணையும் அதே மாதிரி செஞ்சுக்கிட்டே போனா, கடைசியில ஒண்ணுல முடியுற எண்ணை மகிழ்ச்சி எண்ணுன்னு சொல்வாங்க. அதைப் பாப்போம்." எழுதினாள். ஐநூற்று இருபது வந்தது, அது இருபத்தொன்பது ஆயிற்று, எண்பத்தைந்து ஆயிற்று, எண்பத்தொன்பதில் வந்து நின்றது. அங்கே போனால் செக்கு மாடுதான், திரும்பத் திரும்ப எண்பத்தொன்பதுக்கே வரும். பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள். "மகிழ்ச்சி இல்லாத எண் சார்."

"அப்புறம்?"

"காரணியை எல்லாம் கூட்டினா எண்ணைவிட அதிகமா வருதா, குறைவா வருதான்னு ஒரு வகை இருக்கு…" நாலைந்து சிறிய எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "குறைவெண் சார்."

"வேற ஏதாவது திட்டு பாக்கி இருக்கா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் வேணும்னு செய்யல சார். நீங்க கத்துக் குடுத்த முறையிலதான் செஞ்சேன்."

"நானா? என்ன முறை?"

"உங்க மச்சான் சார் எண்ணை நீங்கதானே சரிபார்த்தீங்க? அந்தத் தாளைக் கொண்டு வந்து குடுத்தது நான்தான். நீங்க வகுப்புக்குப் போற அவசரத்துல இருந்தீங்க. தாளைச் சுவர்ல வச்சு ஒரு பார்வை பாத்தீங்க. 'மூஞ்சியப் பாத்தாலே பகா எண்ணுன்னு தெரியுதே'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க. ஒரு எண்ணை மூஞ்சியப் பாத்தே சொல்லிடுறாரே, இதுதான் அனுபவம்னு நான் அசந்துபோயிட்டேன் சார். அதான் உங்க எண்ணுக்கும் நல்லா மூஞ்சியப் பாத்தேன்."

நிரூபணம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

மச்சானின் கல் அவருடைய கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது: 19111954240119793. ஏழு வருஷமாகத் தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனார். கூட்டியும் இருக்கிறார், அறுபத்தேழு. மூன்றால் போகாது. அதோடு திருப்திப்பட்டுக்கொண்டு நடந்துவிடுவார். இப்போது விழா அழைப்பிதழைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகில் வகுக்க ஆரம்பித்தார். நீள் வகுத்தல் செய்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஏழால் வகுத்தார், மூன்று மீதி. பதினொன்றால் வகுத்தார், எட்டு மீதி. அப்பாடா என்று இருந்தது. பதிமூன்றால் வகுத்தார். மீதி இல்லை.

அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. திரை விலகியது, மச்சான் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் கல்லைத் திரும்பிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "இதைச் சரிபார்த்தது யாரு?" என்று கேட்டார். கல்லூரி முதல்வர் பெருமையோடு, "வேற யாரு? உங்க வீட்டு மாப்பிள்ளைதான்!" என்று சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். மச்சானும் சிரித்தார். அதற்குமேல் பேசவில்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து நிரூபணமும் நினைத்தார்.

தலைவர் நாற்காலிக்கு அடுத்து வரப்போகிறவன், மூத்தவரை ஊர் முன்னால் வகுத்துக் காட்டிவிட்டான் என்று அந்த மனிதர் நினைத்திருந்தால் அதில் என்ன தப்பு? சற்று முன்னால் தலைவியைப் பற்றி அவரே அப்படித்தானே நினைத்தார்?

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணன் வரவே இல்ல" என்றாள்.

"வா, நாம போகலாம் உங்க அண்ணன் வீட்டுக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போகிற வழியில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் இறங்கிக்கொண்டே போனது. பதிமூன்று என்று சொன்ன இடத்தில் அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"ஒரு கணக்கைப் போடாததுக்கா?" என்றாள். "ஒரே ஒரு வகுத்தல். அதைப் போட உங்களுக்கு உடம்பு வணங்கல. அதுக்கா எங்கண்ணன் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல? நான் அன்னிக்கு விழாவுக்கு லேட்டா வந்தேனே, அதுக்குத்தான் கோவமோன்னு ஏழு வருஷமா என்னையே நொந்துக்கிட்டிருக்கேன். அண்ணி செத்த அன்னிக்குக்கூட அவர் என் தோள்ல சாஞ்சு அழல தெரியுமா? ஊருக்கெல்லாம் 'நிரூபிச்சுட்டு வா'ன்னு சொல்றவர் நீங்க!"

ஊருக்கு உபதேசம் செய்கிறவனை வீட்டுக்காரி பிடித்துக்கொண்டால் தப்பிக்க வழி ஏது? தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தார்.

மச்சான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். தங்கையைப் பார்த்தார், அவள் கணவனுடைய முகத்தைப் பார்த்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"எத்தனையால போச்சு?" என்று கேட்டார்.

"ஒன்பது" என்றார் நிரூபணம்.

மச்சானின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஒன்பதா! எனக்காவது பதிமூணு. உள்ள வாங்க மாப்ள."

உள்ளே மேசை, நாற்காலி, ஒரு கரும்பலகை. பலகை நிறைய அந்தப் பதினேழு இலக்க எண்தான். அதை எதனால் வகுக்கலாம், வர்க்கம் கூட்டினால் எங்கே போகும், எந்தெந்த வகையில் சேரும் என்று மூலை முடுக்கெல்லாம் எழுதியிருந்தார். வாழ்நாளெல்லாம் எண்ணைத் தொடாத மனிதர் ஓய்வுக்குப் பிறகு ஒரே எண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். இதுவும் மகிழ்ச்சி இல்லாத எண் என்று ஓர் ஓரத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

நிரூபணம் உட்காராமலே சொன்னார். "மச்சான், நான் வேணும்னு செய்யல. நான் சரிபார்க்கவே இல்ல. மூஞ்சியப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்."

மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தால், அவர் முகத்தில் வந்தது ஏமாற்றம்.

"வகுக்கவே இல்லையா?"

"இல்ல."

"தேதியெல்லாம் என்னோடது. உங்க கையில இருந்தது கடைசி இலக்கம் ஒண்ணுதான். அந்த ஒத்த இலக்கத்தை வச்சு, மூணுலயும் ஏழுலயும் பதினொண்ணுலயும் மாட்டாம, பார்க்கிறவன் அசந்து, சரியா பதிமூணுல போய் விழுற மாதிரி வச்சிருக்கான் பாரு, என்ன மூளைடா இவனுக்குன்னு நினைச்சேன். பகையாளியா இருந்தாலும் பெரிய ஆளுதான்னு நினைச்சேன்." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏழு வருஷமா உங்களைப் போய்ப் புத்திசாலின்னு நம்பிட்டிருந்தேனே மாப்ள."

"அண்ணா" என்றாள் தங்கை. அவர் தோளில் கை வைத்தாள். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பிறகு, "உங்க எண்ணைச் சொல்லுங்க" என்றார். நிரூபணம் சொன்னார். மச்சான் அதை மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்து, வாயாலேயே போட்டுக்கொண்டு போனார்; அப்படி வருகிற விடை பதிமூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். "ஐநூத்தி அம்பத்தொம்பது. பதிமூணு நாப்பத்திமூணு ஐநூத்தி அம்பத்தொம்பது. அடடே, உங்களுக்கும் பதிமூணு போகுது மாப்ள!"

"அப்ப ரெண்டு பேருக்கும் பொதுவா ஏதோ இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் அவள். "பகா எண்ணாவே இருந்திருந்தா?"

இரண்டு பேராசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வெவ்வேறு பகா எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுவாக எதுவும் இருக்க முடியாது. அதை நிரூபிக்க இருவருக்கும் தெரியும். அவள் நிரூபணம் கேட்கவில்லை.

"வந்து வீட்டுல சாப்பிடுங்க அண்ணா" என்றாள். "வரேன்" என்றார் அவர். சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடும்போதே பேச்சு துறைப் பக்கம் திரும்பியது. சும்மா இருக்க முடியாதே.

"நம்ம ரெண்டு பேர் எண்ணும் இப்படின்னா, சுவர்ல இருக்கிற மத்த எண்ணெல்லாம்?" என்றார் நிரூபணம். "உங்களுக்கு முந்தினவர், முடிவிலி சார், அவரோடதை யாராவது ஒழுங்கா வகுத்திருப்பாங்களா? அவரும் ஓய்வு பெற்ற நாளா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. கடைத்தெருவுல உங்களைப் பாத்தும் பாக்காத மாதிரி போனாரே, ஞாபகம் இருக்கா? அவர் எண்ணைச் சரிபார்த்தது யாரு மச்சான்?"

மச்சானின் கை மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டது.

கரும்பலகையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் தன் கால் விரலைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "அதுவும் ஏழுலதான் முடியும். மூஞ்சி நல்லா இருந்துச்சு."

நிரூபணத்தின் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், இரண்டு ஜோடி செருப்பையும் காலால் தள்ளி நேராக வைத்தாள்.

"சாப்பாடு அப்புறம்" என்றாள். "முடிவிலி சார் வீடு எங்க இருக்கு?"